ஏழாம் கடைப் பெட்டி

சுகுணா உள்ளே வந்தபோது துப்பட்டாவில் தக்காளி வடிந்துகொண்டிருந்தது.

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையோரம் பானுமதியின் வயர்லெஸ் பழுதுபார்க்கும் கடை. அலைவரிசையில் யார் திருட்டுத்தனம் செய்தாலும் பிடித்துவிடுவாள் என்று பேர்.

"பாலக்கோடு மண்டியில அடிச்சாங்கக்கா. பத்து மணிக்கு என் பொட்டிங்கள உடைக்கப் போறாங்க. என் மேல போலீசுல எழுதிக் குடுக்கவும் போறாங்க."

"உக்காரு. என்ன பொட்டி?"

சுகுணா சொன்னாள். பன்னிரண்டு கமிஷன் கடைகளுக்கும் அவள் செய்து கொடுத்த ஏலப் பெட்டிகள், பொத்தானை அமுக்கினால் விலையை அனுப்பும். ஒரு ஏலத்துக்கு இருபது விநாடி. பெட்டிகள் வாசல் கோபுரத்தோடு ஒரே அலைவரிசையில் பேசும். ஒன்று பேசும்போது மற்றது பேசக்கூடாது. அதனால் ஒவ்வொன்றும் முதலில் காது கொடுத்துக் கேட்கும். சத்தம் இருந்தால் காத்திருக்கும். நெரிசல் கூடினால் காத்திருப்பை நீட்டுவதும், குறைந்தால் சுருக்குவதும் அவள் எழுதிய புரோகிராம்.

"மூணு நாளா ஏழாம் கடை பூபதி கேக்கற விலை மட்டும் போய்ச் சேருது. மத்ததெல்லாம் நேரம் முடிஞ்சப்புறம் வருது. நானும் அவனும் கூட்டுன்னு சொல்றாங்க."

"அவன் பொட்டியைத் திறந்து பாத்தியா?"

"ரெண்டு தடவை. யாரும் கை வெக்கல."

பானுமதியின் பார்வை கீழே இறங்கியது. "துப்பட்டாவுல இருக்கறது புதுத் தக்காளி. செருப்புல இருக்கறது அழுகினது. அன்னன்னிக்கு வித்துத் தீர்ற மண்டியில அழுகல எங்க மிதிச்ச?"

"பூபதி கடை வாசல்ல."

"மாதேஸ், வண்டிய எடு."

உதவியாளன் மாதேஸ் அதற்குள் சாவியோடு வாசலில் நின்றான்.

மண்டிக்குள் நுழைந்ததும் ஒரு தக்காளி சுகுணாவின் தோளில் பட்டுத் தெறித்தது. "வந்துட்டா பாரு, பூபதி பங்காளி!" கூட்டம் சிரித்தது. அவள் துடைக்கவில்லை.

வாசல் கோபுரத்தை ஒட்டிய ஏழாம் கடைக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு மேல் நீல டிரேக்கள், நிறையத் தக்காளி. அடியிலிருந்து புளித்த நீர் கசிந்தது. பூபதியின் டிரேக்களோ சிவப்பு.

"யாரு சரக்குங்க இது?" என்றாள் பானுமதி.

"தர்மனோடது," பூபதி உறுமினான். "எடம் இல்லன்னு நாலு நாளு முன்ன எறக்கினான். எடுடான்னா எடுக்க மாட்டேங்கறான். இவளால என்னையும் திருடன்றானுங்க. போங்கடி வெளிய!"

தர்மன் மண்டி வியாபாரிகள் சங்கத் தலைவன். அவன் கடை எதிர்வரிசையின் நடுவில். தோளில் பச்சைத் துண்டு. பெட்டிகள் வருமுன் மண்டியின் விலை அந்தத் துண்டுக்குள்தான் முடிவாகும். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது.

அவன் கடை உத்தரத்தில் நான்கு புதுக் கேமராக்கள். மாதேஸ் அண்ணாந்து பார்த்தான். "நாலும் சுவத்தையே பாக்குதுக்கா. சுவத்தையா தூக்கிக்கினு போயிருவாங்க?"

பானுமதி சிரிக்கவில்லை. "நல்லாப் பாத்த."

பத்து மணிக்குக் கோபுரத்தடியில் கூட்டம் சேர்ந்தது. சிலர் கையில் கடப்பாரை. "உடைக்கறதுக்கு முன்ன மூணு தடவை அமுத்திப் பாத்துருங்க. அப்புறம் உங்க இஷ்டம்," என்றாள் பானுமதி.

பன்னிரண்டு கடைகளும் ஒரே நேரத்தில் அமுக்கின. கோபுரத் திரையில் ஏழாம் கடை உடனே வந்தது. மற்றவை இருபது விநாடி தாண்டின.

"பாத்தீங்களா!" தர்மன் கத்தினான். "இன்னும் என்னா சாட்சி வேணும்?"

"அந்த நீல டிரேங்கள ஓரம் தள்ளுங்க."

"என் சரக்க எவன் தொடுவான்?"

"நான் தொடுவன்டா!" பூபதி முதல் டிரேயைத் தூக்கினான். ஆட்கள் சேர்ந்துகொண்டார்கள். அழுகிய நீர் வாசலெல்லாம் ஓடியது.

மறுபடி அமுக்கினார்கள். இப்போது ஏழாம் கடையும் தாமதம். கூட்டம் முணுமுணுத்தது.

"மாதேஸ், தர்மன் கடை கேமரா பிளக்கப் புடுங்கு."

தர்மன் குறுக்கே பாய்ந்தான். பூபதி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினான். மூன்றாவது முறை பன்னிரண்டு விலைகளும் ஒரு விநாடிக்குள் வந்து நின்றன.

"தக்காளின்னா பாதிக்கு மேல தண்ணி," என்றாள் பானுமதி. "வயர்லெஸ் தண்ணியைத் தாண்டி வர்றது கஷ்டம். சுவத்தைப் பாக்கற கேமரா பாக்கறதுக்கு வெச்சதில்ல, பொட்டிங்களோட அலைவரிசையிலயே விடாம பேசறதுக்கு வெச்சது. பதினோரு பொட்டியும் அந்தச் சத்தத்தைக் கேட்டு நெரிசல்னு நெனச்சு ஒதுங்கி நின்னுச்சு. பூபதி பொட்டிக்கு மட்டும் தக்காளிச் சுவர் காதை அடைச்சுது. கோபுரமும் அவன் கடைக்குப் பக்கத்துல. அதனால அது மட்டும் பேசிச்சு."

"என் சரக்கு, எங்க வேணா வெப்பேன்," என்றான் தர்மன்.

"அடுத்த கடைக்காரன் வாசல்ல ஒருத்தரும் டிரே வெக்க மாட்டாங்க இந்த மண்டியில. ஏவாரியா இருந்துக்கினு தக்காளிய நாலு நாளு அழுக விட்டிருக்க. சரக்கு விக்கறது உனக்கு முக்கியமில்ல. பொட்டி போகணும், துண்டு திரும்பி வரணும். பழி இந்தப் பொண்ணு மேல விழணும்."

"நேத்து வந்தவ எங்களுக்கு ஏலம் சொல்லித் தர்றாளா?" தர்மன் காறித் துப்பினான்.

பானுமதி சுகுணாவின் பக்கம் திரும்பினாள். "உன் மேலயும் தப்பு இருக்கு. யார் கூச்சல் போட்டாலும் உன் புரோகிராம் ஒதுங்கிப் போகுது. ஒவ்வொரு பொட்டியும் தன் காதுல விழறத மட்டும் நம்புது. எவ்ளோ நேரம் காத்திருக்கணும்னு கோபுரம் சொல்லட்டும், எல்லாருக்கும் ஒரே அளவா."

"மாத்திடறேன்க்கா."

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. சுகுணாவின் தோளில் தக்காளி எறிந்தவன் கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். "பொட்டி எப்பம்மா ஓடும்?"

"இப்பவே."

தர்மன் சட்டையை உதறிக்கொண்டு, வாசலில் அப்போதுதான் வண்டி நிறுத்திய விவசாயியிடம் போனான். தோளிலிருந்து துண்டை எடுத்துத் தன் கையை மூடி நீட்டினான். விவசாயி துண்டைப் பார்த்தார், கோபுரத் திரையைப் பார்த்தார்.

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு திரைப் பக்கம் நடந்தார். தர்மனின் கை துண்டுக்கு அடியில் அப்படியே நீட்டியபடி நின்றது.