பேசாமல் ஓடிய பொன்னி

வானம் காலையிலிருந்தே மூடிக்கிடந்தது. மாமல்லபுரத்துப் பள்ளி மைதானத்தில் ஈரமண் காலில் ஒட்டியது. செங்கல்பட்டில் நடக்கும் நீண்ட ஓட்டப் போட்டிக்கு ஒருத்தியைத்தான் அனுப்ப முடியும். அது தான்தான் என்று நம்பிக்கொண்டிருந்தாள் ஹனியா.

விளையாட்டு ஆசிரியை விஜயகுமாரி எல்லோரையும் கூப்பிட்டார்.

“வேகமா ஓடும்போது ரத்தத்துல லாக்டேட்னு ஒண்ணு சேரும். ஒரு வேகம் வரைக்கும் உடம்பு அதைச் சமாளிக்கும். அதைத் தாண்டினா மளமளன்னு ஏறும். ரொம்ப நேரம் ஓட முடியாது. அந்த எல்லை எந்த வேகத்துல வருதுன்னு தெரிஞ்சா, நீண்ட ஓட்டத்துல யார் நல்லா வருவாங்கன்னு ஓரளவு சொல்லிடலாம்.”

“அது எங்க கீதுன்னு எப்பிடி டீச்சர் கண்டுபுடிக்கிறது?” என்றாள் ஹனியா.

“விரல்ல ரத்தம் எடுத்துப் பார்ப்பாங்க.”

பக்கத்தில் நின்ற தோழி கல்யாணி சட்டென்று கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

டீச்சர் சிரித்துவிட்டார். “நமக்கு ஊசி வேணாம். பேசிக்கிட்டே ஓடுங்க. விசில் ஊதுறப்பல்லாம் வேகத்தைக் கூட்டுங்க. பேச்சு எப்போ திக்குதோ, அதான் ஏறக்குறைய உங்க எல்லை.”

ஹனியாவுக்குக் கொண்டாட்டம். அவள் தூக்கத்திலும் பேசுகிறவள்!

எல்லோரும் ஓடினார்கள். ஹனியாவின் பக்கத்தில் பொன்னி வாயே திறக்காமல் ஓடினாள். போன மாதம் அவளுடைய அம்மா காய்ச்சலில் இறந்துபோனார். அதன்பிறகு பள்ளியில் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திக்கி நின்றார்கள். கடைசியில் ஹனியாவும் மூச்சு வாங்கி நின்றாள். பொன்னியும் கூடவே நின்றாள்.

“ஹனியாதான் ரொம்ப வேகம் வரைக்கும் பேசினா. பொன்னி, உன்னால பேச முடியலைன்னா பரவாயில்லம்மா, உக்காரு” என்றார் டீச்சர்.

பொன்னி தலைகுனிந்து சவுக்கு மரத்தடிக்குப் போனாள்.

ஹனியாவுக்குச் சந்தோஷமே வரவில்லை. பொன்னியின் பக்கத்தில் ஓடிய அவளுக்கு மட்டும்தான் உண்மை தெரியும். சொன்னால் செங்கல்பட்டு வாய்ப்பு கைவிட்டுப் போய்விடும். சொல்லாவிட்டால்? பொன்னியின் குனிந்த தலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“டீச்சர், அவளுக்கு மூச்சு வாங்கவே இல்ல. நான் வாயப் பொளந்துகினு ஓடறேன், அவ மூக்காலயே மூச்சு வுட்டுகினு வந்தா. அவ வாயி எப்ப திறக்குதுன்னு பாருங்களேன்.”

டீச்சர் யோசித்தார். சற்று ஓய்வுக்குப் பிறகு இருவரையும் மறுபடி ஓடவிட்டார். ஹனியாவின் பேச்சு உடைந்தது. பொன்னி உதடு மூடியபடியே முந்திப் போனாள். அதற்குப் பிறகும் இரண்டு முறை விசில் ஒலித்தது. அப்புறம்தான் அவள் வாய் திறந்தது.

“பொன்னி, நீதான் போற. முதல் மூணு பேருக்குள்ள வருவேன்னு நினைக்கிறேன்” என்றார் டீச்சர்.

தூறல் தொடங்கியது. ஹனியா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்தது மழையை மட்டும் இல்லை.

செங்கல்பட்டில் பொன்னி மூன்றாவதாக வந்தாள். தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்த ஹனியாவைப் பார்த்ததும் அவள் வாய் திறந்து பேசினாள்.

“அம்மா இருந்தா என் பேரச் சொல்லிக் கத்திகினு இருந்திருக்கும்.”

வாயாடி ஹனியா அங்கே கிடந்த பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

“பொன்னீ…!”

மைதானமே திரும்பிப் பார்த்தது. பொன்னி அழுதுகொண்டே சிரித்தாள்.