யோம் கிப்பூருக்கு என்ன வாழ்த்து?

கலாவுக்கு யூதப் புத்தாண்டு வாழ்த்து மூன்று மொழிகளில் தெரியும். பக்கத்து வீட்டு மிரியத்தின் அப்பாவுக்கு எபிரேயத்தில் "ஷனா தோவா". தாத்தாவுக்கு இட்டிஷ் மொழியில் "அ குட் யோர்". மிரியத்தின் அம்மா ஹங்கேரிக்காரர். அவருக்கு "போல்டோக் ஊய் ஏவெட்".

ஒவ்வொரு வாழ்த்துக்கும் ஒரு துண்டு தேன் கேக் கிடைத்தது. அந்த வீட்டில் நான்காவது மொழி பேச ஆளில்லையே என்று கலா வருத்தப்பட்டாள்.

அது 1976. மெல்போர்னில் கலாவின் குடும்பம் குடியேறி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

அடுத்த வாரம் ஒரு நாள் மிரியம் பள்ளிக்கு வரவில்லை. "இன்று அவர்களுக்கு யோம் கிப்பூர்" என்றார் டீச்சர்.

கலா வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா ரவா லட்டு பிடித்தாள். "பண்டிகை வீட்டுக்கு வெறுங்கையோடயா போவ?"

கதவைத் திறந்த மிரியத்தின் முகம் வெளுத்திருந்தது.

"ஹாப்பி யோம் கிப்பூர்!" கலா தட்டை நீட்டினாள்.

"ஹாப்பியா? இன்னைக்கு விரதம். நேத்து சாயங்காலத்துலேருந்து தண்ணிகூட குடிக்கல" என்றாள் மிரியம். அவளுக்குப் பன்னிரண்டு வயது. இதுதான் முதல் முழு விரதம். "பாதியிலேயே விட்டுடுவேன்னு அண்ணன் பந்தயம் கட்டினான்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கை தட்டுக்குப் போனது. "ஒண்ணே ஒண்ணு. எல்லாரும் கோயில்ல இருக்காங்க. தாத்தா தூங்கறார். யாருக்குத் தெரியும்?"

கலா தட்டை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "உனக்குத் தெரியுமே."

"அப்ப எதுக்குக் கொண்டுவந்த? போ!" கதவு சாத்திக்கொண்டது.

வீட்டில் அம்மா தலையில் கை வைத்தாள். "விரத வீட்டுக்கா லட்டு அனுப்பினேன்!"

"நீ விரதம் இருக்கறப்ப எதும்மா ரொம்பக் கஷ்டம்? பசியா?"

"பசி கூடப் பரவாயில்லடி. கடிகாரம் நகராது பாரு, அதுதான்."

கலா நெய் வாசனை போகும்வரை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். திரும்பப் போய்க் கதவைத் தட்டினாள்.

"மறுபடியும் என்ன?"

"இன்னைக்கு ஹாப்பி இல்லன்னா வேற என்ன சொல்லணும்?"

மிரியம் யோசித்தாள். "எபிரேயத்துல 'ட்ஸோம் கல்'. விரதம் சுலபமா இருக்கட்டும்னு அர்த்தம். தாத்தா இட்டிஷ்ல 'அ கிரிங்கன் தோனெஸ்'னு சொல்வார். அதுக்கும் அதே அர்த்தம்தான். சுலபமாவே இல்ல." மிரியம் கதவை முழுசாகத் திறந்தாள். "உங்க மொழில?"

"எங்க வீட்டுல யாரும் சொல்லிக் கேட்டதில்ல." கலா தானே ஒன்று தயாரித்தாள். "விரதம் நல்லபடியா முடியட்டும்."

இருவரும் கடிகாரத்துக்கு முதுகு காட்டி மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். மிரியம் கழுத்தைத் திருப்பும்போதெல்லாம் கலா ஒரு வாழ்த்து சொன்னாள். ட்ஸோம் கல்லைக் கலா தப்பாகச் சொன்னாள், மிரியம் திருத்தினாள். மிரியம் "முதியத்தும்" என்றாள், கலா திருத்தினாள். ஜன்னலில் வானம் கறுத்தது. ஒரு நட்சத்திரம், இரண்டு, மூன்று.

"மூணு நட்சத்திரம் வந்தாச்சு, முடிஞ்சுது!" மிரியம் எழுந்து குதித்தாள். விரதம் முழுசாக முடிந்திருந்தது.

தண்ணீர் குடித்துவிட்டு, கலாவின் வீட்டுச் சமையலறையில் லட்டை மென்றபடியே கேட்டாள். "உங்க வீட்டுல அடுத்த விரதம் எப்போ? நானும் வந்து உட்கார்றேன்."

"இந்த மாசமே. அம்மாவுக்குச் சஷ்டி."

"நேத்து சாயங்காலத்துலேருந்து இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும், அந்த மாதிரியா?"

"இல்ல. ஆறு நாள்."

மிரியம் மெல்லுவதை நிறுத்தினாள். கலாவின் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரி, ஆறு நாளும் வர்றேன்" என்று இன்னொரு லட்டை எடுத்துக்கொண்டாள்.