ஏழாவது படத்தில் ஒரு பொய்

அலமாரிக்குள் ஃபோன் அடித்தது!

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் அழைத்தது திருப்புளி அண்ணனை. மணி அடிப்பதோ நான்கடி தள்ளி, பூட்டிய அலமாரிக்குள்!

கட் செய்தாள். அலமாரி அடங்கியது.

மறுபடி அழைத்தாள். அலமாரி மறுபடி பாடியது...



காலை ஒன்பதரை. இன்னும் அரை மணியில் கம்பெனியின் இருபத்தைந்தாவது கடை திறப்பு விழா. கறுப்புத் திரைக்கு அந்தப் பக்கம் மேடை, கூட்டம், காதைக் கிழிக்கும் ஸ்பீக்கர். இந்தப் பக்கம் 'வரலாற்று அறை'. கடல் தாண்டி வந்த ஒரு ஃபர்னிச்சர் கம்பெனி, இந்த நாட்டில் ஒற்றைக் கடையாய் முளைத்து இருபது வருடத்தில் எப்படிக் கிளை விட்டது என்ற கதை, சுவர் முழுக்க; விழாப் புத்தகத்திலும் அதே கதை.

கம்பெனித் தலைவரான பெரிய சாருக்காக அதை எழுதியவள் அவள். ஆபீஸில் அவளைக் கதைக்காரி என்பார்கள். அவள் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள். மூன்று வருடம் வேலைக்கு அலைந்து கடைசியில் கிடைத்தது, அடுத்தவன் பெருமையை அழகாக எழுதும் வேலை!

அறையில், மேடைத் திரைக்கு மிக அருகே முதுகைக் காட்டியபடி, அந்த அலமாரி. இந்த நாட்டில் கம்பெனி விற்ற முதல் அலமாரி. வாங்கியவரிடமிருந்தே திரும்ப வாங்கி, நேற்று பலகை பலகையாக வந்து இறங்கியது.

நேற்று மாலை திருப்புளி அண்ணன் அவளிடம் சொன்னது இப்போது மண்டைக்குள் ஓடியது. ஃபிட்டர்களுக்கெல்லாம் தலைவர் அவர். காதில் எப்போதும் ஒரு பென்சில். சுட்டுவிரலில் எப்போதும் நீல டேப்.

"தங்கச்சி, உன் புத்தகத்துல முதல் பக்கமே பொய்."

"என்னண்ணே சொல்றீங்க? பெரிய சார் கையெழுத்துப் போட்டுக் குடுத்ததாச்சே!"

"படிச்ச பொண்ணு எழுதினா ஊரு நம்பும். அதுக்குத்தான் உன்னை வச்சிருக்காங்க. காலையில ஆறு மணிக்கு இதை ஃபிட் பண்ண வர்றேன். அடிப்பலகையைத் திருப்பிக் காட்டறேன். அப்புறம் பேசு."

ஆனால் காலை எட்டு மணிக்கு ஆபீஸ் வாட்ஸ்அப்பில் பெரிய சாரின் செய்தி. 'நமது முதல் அலமாரியை, அன்றுபோல் இன்றும், தனி ஆளாக, என் கையாலேயே பொருத்தினேன்!' கூடவே அலமாரியோடு சிரிக்கும் படம். கீழே நூற்று நாற்பது கட்டைவிரல்கள்.

அவள் கதவை இழுத்தாள். அசையவில்லை. பின்பக்கம் ஓடினாள்.

குனிந்து பார்த்தாள்.

அலமாரியின் முதுகுப் பலகை வெளிப் பள்ளத்தில் செருகியிருந்தது!

கம்பெனி இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம் மூடிவிட்டு ஓடவிருந்தது. காரணம், பெட்டிக்குள் வைத்த படத்தாள். பத்துப் படம் பார்த்து அவரவரே அலமாரி பொருத்திக்கொள்ள வேண்டும். அதில் ஏழாவது படம் தப்பு. முதுகுப் பலகையை வெளிப் பள்ளத்தில் செருகச் சொன்னது. கை பட்டாலே கழன்று விழும். ஒரே மாதத்தில் இருபத்து மூன்று வீட்டில் விழுந்தது. "வாங்கறதும் நான், வேலை பார்க்கறதும் நானா?" என்று ஜனங்கள் கடை வாசலில் வந்து கத்தினார்கள்.

பெரிய சார்தான் தப்பைக் கண்டுபிடித்தாராம். இதே அலமாரியில் பலகையை உள்பள்ளத்தில் செருகினாராம். 'வீட்டுக்கே வந்து பொருத்தித் தருவோம்' என்று ஃபிட்டர் படை அமைத்தாராம். அங்கே தொடங்கியதுதான் வளர்ச்சி. அவள் எழுதிய முதல் பக்கம் அது.

பக்கத்துக் கண்ணாடிப் பெட்டி திறந்து கிடந்தது. அதிலிருந்த பழைய படத்தாளைக் காணோம்.

கம்பெனியின் அறுநூறு ஃபிட்டர்களில் ஒருவர்கூட ஏழாவது படத்தை நம்ப மாட்டார். கண்டுபிடித்தவர் கனவில்கூட நம்ப மாட்டார்!

அப்படியானால்...

பலகை இடுக்கில் கண் வைத்தாள்.

உள்ளே ஒரு கை. சுட்டுவிரலில் நீல டேப்!

"என்னம்மா கதைக்காரி... பின்னாடி என்ன தேடறே?"

திரும்பினாள். பெரிய சார்! மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. வலது கட்டைவிரலில் மட்டும் புத்தம் புதுப் பிளாஸ்திரி.

"தூ... தூசி இருக்கான்னு பார்த்தேன் சார்."

"தூசி தட்ட ஆள் இருக்கே! நீ டிகிரி முடிச்சவளாச்சே?"

"எங்க வீட்டுல டிகிரி முடிச்சவதான் சார் தூசியும் தட்டுவா."

"நல்லாப் பேசறே!"

"திருப்புளி அண்ணன் வரலையா சார்?"

"அவனா? குடிச்சுட்டு எங்கயாவது உருண்டு கிடப்பான்."

அண்ணன் டீயில் சர்க்கரைகூடச் சேர்க்காத ஆள்.

அந்த நேரம் பார்த்து...

அலமாரி மறுபடி பாடியது!

அவள் விரல் ஃபோனில் இல்லை. அண்ணனின் மனைவியாக இருக்கும். சாப்பிட வரவில்லையே என்று...

இருவரும் அலமாரியைப் பார்த்தார்கள். மணி ஓய்ந்தது.

"கேட்டுச்சா?" என்றார் மெல்ல.

"எ... எது சார்?"

"சமத்து! கேக்காத காதுக்கு இந்தக் கம்பெனியில பெரிய இடம் உண்டு. நாளையிலேருந்து தனி ரூம். உங்க அம்மாவை வீட்டு வேலைக்குப் போக வேண்டாம்னு சொல்லிடு. என்ன சொல்றே?"

தலையை ஆட்டினால் போதும். வீட்டுக்கு உயிரோடு போகலாம். அம்மாவின் வெடித்த உள்ளங்கை ஒரு நிமிடம் கண்ணில் வந்து போனது.

"சரி சா..."

"ம்ம்ம்..."

முனகல்! உள்ளே இருந்து!

"சார், உயிர் இருக்கு! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

"நல்லா இருந்த பொண்ணு... கெட்டுப் போயிட்டியே!"

பாய்ந்தார். அட்டைப்பெட்டி ஒட்டும் டேப் 'பர்ர்ர்' என்று கிழிந்தது. அவள் வீறிட்டாள். அந்த வீறலை ஸ்பீக்கர் பாட்டு விழுங்கியது. முதல் சுற்று அவள் வாயில். அதற்கடுத்தது மணிக்கட்டில்.

"அடிப்பலகைக்குக் கீழ தன் பேரும் ஃபிட் பண்ண தேதியும் எழுதி வச்சிருக்கான், படுபாவி! பென்சில்ல! இருபது வருஷமா அங்கயே இருந்திருக்கு. இன்னிக்கு மேடையில காட்டுவேன்னான். சுத்தியலால ஒண்ணு போட்டேன். வெளிய ஆள் நடமாட்டம்... எங்க ஒளிக்கறது? பலகை இருந்துச்சு. படத்தைப் பார்த்துப் பார்த்து அவனைச் சுத்தியே ஃபிட் பண்ணிட்டேன். ஒண்ணரை மணி நேரம்!"

குரலில் பெருமை வேறு!

அவளுக்கு அந்த நடுக்கத்திலும் ஒன்று உறைத்தது. இந்த மனுஷன் வரலாற்றைப் படிக்கவே இல்லை. கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறார்!

"சார்! மைக் ரெடி!" திரைக்கு அப்பாலிருந்து குரல்.

"வர்றேன்பா!"

கால்களைக் கட்ட நேரமில்லை. கதவைத் திறந்து அவளை உள்ளே தள்ளினார். சாவி திரும்பியது.

இருட்டு. பசை நெடியோடு ரத்த வாடை. மூக்கு வழியாக மட்டும் மூச்சு. காற்று போதவில்லை. முழங்காலுக்குக் கீழே மெத்தென்று ஓர் உடல்...

அது அவள் கணுக்காலைப் பிடித்தது!

டேப்புக்குள்ளேயே அலறினாள்.

"நான்தான் தங்கச்சி..." காற்றுப் போன குரல். "பெருசு... படம் பார்த்துத்தானே ஃபிட் பண்ணுச்சு?"

இருட்டில் தலையை ஆட்டினாள். அவர் கை அவள் முகத்தைத் தடவி, ஆட்டத்தைப் புரிந்துகொண்டது.

"அப்போ உதை!"

வெளியே பாட்டு நின்றது. மைக் கனைத்தது.

"அன்பு நண்பர்களே! இந்த நாட்டுக்கு நான் வந்தப்போ என்கிட்ட இருந்தது ஒரே ஒரு திருப்புளி!"

கைதட்டல்.

அவள் முதுகைக் கதவில் முட்டுக் கொடுத்தாள்.

"இந்தத் திரைக்குப் பின்னாடி நிக்குது நம்ம முதல் அலமாரி. இன்னிக்குக் காலையில அதை ஃபிட் பண்ணது யாரு? நான்! தனி ஆளா! ஒருத்தனையும் கிட்டச் சேர்க்காம, இந்த ரெண்டு கையால..."

இரண்டு காலையும் சேர்த்து உதைத்தாள்!

படார்!

முதுகுப் பலகை பிய்ந்து, திரையை அறுத்துக்கொண்டு மேடையில் விழுந்தது. அதன்மேல் அவள் உருண்டாள். அவள் பின்னால், தலையெல்லாம் ரத்தமாக, திருப்புளி அண்ணன் ஊர்ந்து வந்தார்.

கேமராக்கள் மின்னின. யாரோ ஒரு பெண் கிறீச்சிட்டாள்.

முன்வரிசை விருந்தாளியான இன்ஸ்பெக்டர் ஒரே தாவலில் மேடை ஏறி, அவள் வாய் டேப்பைப் பிய்த்தார்.

"யாரும்மா உள்ள வச்சது?"

அவள் கட்டிய கைகளைப் பெரிய சார் பக்கம் நீட்டினாள்.

பெரிய சார் வெளிறிப்போனார்.

"பொய்! அலமாரியை நான் தொடவே இல்லை! ஃபிட் பண்ணது அந்தத் திருப்புளிதான்! இருபது வருஷமா எல்லாத்தையும் ஃபிட் பண்ணது அவன்தான்! நான் ஒரு ஆணிகூட அடிச்சதில்லை!"

சொன்ன பிறகுதான் கவனித்தார். மைக் ஆனில் இருந்தது!

கூட்டம் கொந்தளித்தது.

"அண்ணே," அவள் அவர் பக்கம் நகர்ந்தாள். "என் முதல் பக்கத்தை அவரே திருத்திட்டாருண்ணே."

யாரோ ஒருவர் ஃபோனில் காட்டிய வாட்ஸ்அப் படத்தை இன்ஸ்பெக்டர் பார்த்தார். பெரிய சாரின் பிளாஸ்திரிக் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தார்.

"தொடாத அலமாரி விரலைக் கடிச்சிருச்சா சார்? வாங்க, போகலாம்."

அதற்குள் ஆம்புலன்ஸ் வந்திருந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த திருப்புளி அண்ணன் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"ஐயா... விலங்கை நீங்களே மாட்டுங்க. அவர்கிட்ட குடுத்தா படம் பார்த்து மாட்டுவாரு... வாசல் தாண்டறதுக்குள்ள கழண்டு விழுந்துரும்!"