ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே

பெட்டிக்குள் கிடந்த பென்சில் வெதுவெதுப்பாக இருந்தது. அக்டோபர் கடைசி. மிஷிகனின் வடகோடியில் காபியை பிளாஸ்க் மூடியில் ஊற்றி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி ஆறிவிடும். அந்தக் குளிரில், யாரோ இப்போதுதான் எழுதிவிட்டு வைத்த மாதிரி ஒரு பென்சில். லோர்னா திரும்பிப் பார்த்தாள். வண்டி நிறுத்துமிடத்தில் அவளுடைய பச்சைக் கார் மட்டும்தான் நின்றது. என்னவோ இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். ஒரு வருஷமாக அவளுக்கு எதுவுமே உறைப்பதில்லை.

காட்டுப் பாதையில் நடக்க வருகிற எல்லாரும் அந்தப் பெட்டியிலுள்ள பதிவேட்டில் எழுதியாக வேண்டும். பெயர், உள்ளே எத்தனை பேர், வெளியே எத்தனை பேர். சாயங்காலம் வனக் காவலர் வந்து பார்ப்பார். கணக்கு சரியாக இருந்தால் கேட்டைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார். இடித்தால் விளக்கோடு காட்டுக்குள் ஏறுவார்.

உள்ளே: 1. எழுதி முடிக்கும்போது காவலர் டுவேனின் வண்டி வந்து நின்றது.

"ஆரஞ்சுத் தொப்பி போட்டிருக்கீங்க, நல்லவேளை. மான் வேட்டை சீசன்ங்க. நேத்து ஒருத்தன் என் வண்டியையே மான்னு குறி பாத்துட்டான்."

"நீ ஓட்டுற வேகத்துக்கு மான்னு நெனச்சானா? அவன் கண்ணாடியை மாத்தச் சொல்லு."

டுவேன் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஆர்விட் போய் இன்னியோட ஒரு வருஷம், இல்லீங்களா?"

"ம்."

அன்றைக்கு நடந்ததைச் சொல்லத்தான் வந்திருந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். "டுவேன், உன்கிட்ட ஒண்ணு..."

"சொல்லுங்க."

"அருவிப் பாதை தொறந்திருக்கா?"

"தொறந்துதான் இருக்கு. அஞ்சு மணிக்குள்ள இறங்கிடுங்க. பனி வரும்போல இருக்கு."

சீ, இவ்வளவுதானா நான் என்று நினைத்தபடி நடந்தாள்.

போன வருஷம் இதே நாள், வீட்டிலிருந்து புருஷனும் பெண்டாட்டியுமாக நடந்தே வந்து, உள்ளே 2 என்று எழுதினார்கள். பாதி வழியில் லோர்னாவுக்கு முழங்கால் மக்கர் பண்ணியது. "நீ இறங்கு, அருவியைப் பாத்துட்டுப் பின்னாடியே வந்துடறேன்" என்றான் ஆர்விட். கீழே வந்தவள், அவனுக்கும் சேர்த்து வெளியே 2 என்று எழுதிவிட்டாள். ஊரில் எல்லா ஜோடியும் செய்கிற காரியம்தான். வீட்டுக்குப் போனாள், வலி மாத்திரை போட்டாள், சோபாவிலேயே தூங்கிப்போனாள். டுவேன் கணக்கைப் பார்த்தான், சரியாக இருந்தது, பூட்டினான். விடிந்தபோது முழங்கால் உயரம் பனி.

ஆர்விட் எங்கே என்று கேட்டார்கள். பயத்தில், "என்கூடவே இறங்கி வந்துட்டாரே, ராத்திரிதான் வீட்டை விட்டுப் போனார்" என்று சொல்லிவிட்டாள். பதிவேடும் அதையேதான் சொன்னது. பதினோரு நாள் ஏரியிலும் ரோட்டோரத்திலும் தேடினார்கள். காட்டுக்குள் ஒருத்தரும் ஏறவில்லை.

ஈர இலை வாசனை, மட்கிய மரத்தின் வாசனை, எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டித் தட்டி நிறுத்துகிற சத்தம், அதற்கும் அடியில் அருவியின் இரைச்சல், எல்லாம் அவளுக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோல இருந்தது. அருவியோரப் பெஞ்சில் பையையும் தொப்பியையும் கழற்றி வைத்தாள். கறியும் உருளைக்கிழங்கும் அடைத்த பேஸ்டியை எடுத்துப் பாதி தின்றாள். மீதியைப் பழக்கதோஷத்தில் பக்கத்தில் வைத்தாள். பிளாஸ்க் மூடியை அலசத் தண்ணீரோரம் இறங்கினாள். குனிந்தவள் எவ்வளவு நேரம் தண்ணீரையே பார்த்தபடி இருந்தாளோ, நிமிர்ந்தபோது வெளிச்சம் குறைந்திருந்தது. கைகள் மரத்துப்போயிருந்தன.

திரும்பி வந்தால் பையைக் காணோம். கார் சாவி அதில்தான் இருந்தது. தொப்பியும் இல்லை.

பேஸ்டி இருந்த இடத்தில் தடித்த ஓரம் மட்டும் கிடந்தது. ஆர்விட் ஓரத்தைத் தின்னவே மாட்டான்.

கீழே, பாதையில், காலடிச் சத்தம். இடது குதிகாலை இழுத்து வைக்கிற, ஆர்விட்டின் நடை. அவளை நோக்கி வரவில்லை. இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

"ஆர்விட்?"

காலடி நின்றது. பிறகு, அவசரமில்லாமல், மறுபடி இறங்கியது.

ஓடினாள். முழங்கால் வலிக்கவில்லை. மூச்சு இரைக்கவில்லை. அதுதான் முதன்முதலாக அவளைப் பயமுறுத்தியது.

கடைசி வளைவு. மரங்களுக்கிடையே கீழே வெளிச்சம். பெட்டிக்குப் பக்கத்தில் டுவேன், பதிவேட்டைப் புரட்டிக்கொண்டு. அவளுடைய கார் கிளம்பி நகர்ந்தது. உள்ளே ஆரஞ்சுத் தொப்பி. ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"பாத்துப் போங்க, லோர்னா!" டுவேன் கையசைத்தான்.

கத்தினாள். டுவேன், நான் இங்கே இருக்கேன். பொய் சொன்னது நான்தான். அவரை உள்ளே விட்டுட்டு வந்தது நான்தான். ஒரு வருஷமாக வராத வார்த்தை அத்தனையும் வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. டுவேன் பென்சிலால் ஒரு டிக் போட்டான். சங்கிலி இழுபட்டது. பூட்டு விழுந்தது. வண்டி போய்விட்டது.

பெட்டியிடம் வந்தாள்.

அவள் பெயர். உள்ளே: 1. வெளியே: 1. இடப்பக்கம் சாய்ந்த, ஆர்விட்டின் கையெழுத்து. கணக்கு சரியாக இருந்தது.

அடிக்கணும். திருத்தணும். பென்சிலைப் பிடிக்கப் போனாள். விரல் மடங்கவில்லை.

பனி விழ ஆரம்பித்தது. பதிவேட்டின் மேல் விழுந்தது, கரைந்தது. பென்சிலின் மேல் விழுந்தது, கரைந்தது.

அவள் கையின் மேல் விழுந்தது. அப்படியே இருந்தது.