ழகரப் பூட்டு

மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலையில் புதுக்கொற்கையில் எல்லார் வீட்டுக்கும் மூச்சு வந்துவிடும். ஆளுக்கு முப்பது நாள் மூச்சு. சிக்கனக்காரர்கள் படியேறாமல், சண்டை போடாமல், குளிக்கும்போது பாடாமல் அதில் கொஞ்சம் மிச்சம் பிடிப்பார்கள். செவ்வாய்க் கோளில் கண்ணாடிக் கூண்டுக்குள் நாற்பதாயிரம் தமிழர்கள் குடியிருக்கும் ஊர் அது. காற்றுதான் அங்கே காசு. கல்யாண மொய்கூட மூச்சில்தான் வைப்பார்கள்.

மூச்சுக்காசைக் கையில் பிடிக்க முடியாது. ஊர்க் கணிப்பொறிகள் எல்லாம் சேர்ந்து எழுதும் பொதுப்பதிவேட்டில் அது ஒரு வரி, அவ்வளவுதான். அந்த வரியைத் திறக்கும் சாவி அவரவர் சிமிழுக்குள் இருக்கும். சிமிழ் என்பது தீப்பெட்டி அளவு கருவி. எந்த வலையோடும் ஒட்டாது, யார் அழைத்தாலும் பதில் சொல்லாது, ஆகவே திருடனால் தொட முடியாது. புதிதாக வாங்கியதும் பன்னிரண்டு சொற்களை ஒரே ஒரு முறை காட்டும். அவற்றை எஃகுத் தகட்டில் ஆணியால் கீறி ஒளித்துவைக்க வேண்டும். சிமிழ் கெட்டுப்போனால் புதுச் சிமிழிடம் அந்தப் பன்னிரண்டையும் வாயால் சொன்னால் சேமிப்பு அப்படியே திரும்பிவிடும். பெண்டாட்டியிடம் அவற்றைச் சொல்லக் கூடாது. எந்திரத்திடம் சொல்லவே கூடாது. ஐந்து முறை தப்பாகச் சொன்னால் சிமிழ் உங்களைத் திருடன் என்று முடிவுகட்டிச் சேமிப்பை ஒரேயடியாகப் பூட்டிவிடும்.

வாயால் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு எழில்வளவனுடையது. ஊர்த் தமிழ்க்காப்பு மன்றத்துக்குப் பதினோரு வருடமாக அவர்தான் தலைவர். பக்கத்துக் கூண்டுகளில் எழுத்துச் சாவிகள் களவு போய்க்கொண்டிருந்த சமயத்தில் அவர் மேடையேறி முழங்கினார்: "அயலான் நாவில் ஏறாத ஓர் எழுத்து நம்மிடம் இருக்கிறது. அதையே பூட்டாக்குவோம்!" கைதட்டிய தட்டில் ஊரே அரைநாள் மூச்சைச் செலவழித்தது. அது எந்த எழுத்து என்று சொல்லும் இடத்தில் மட்டும் அவர் வாயைத் திறக்காமல் விரலால் காற்றில் எழுதிக் காட்டினார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். ழகரம் உள்ள இரண்டாயிரம் சொற்களைப் பொறுக்கிப் பட்டியல் போட்டதும் அவர் தலைமையில்தான்.

அவருடைய சிமிழ் வந்த அன்று, சொற்களைக் காட்டி முடித்து, "ஒரு முறை சொல்லிச் சரிபார்க்கிறீர்களா?" என்று கேட்டது. எழில்வளவன் "பிறகு" என்பதை அழுத்தினார். ஊரில் அதை அழுத்தாதவர் எவரும் இல்லை. அன்றாடச் செலவுக்குக் கைரேகை போதும் என்கிறபோது யார் உட்கார்ந்து பாடம் ஒப்பிப்பது?

வினை ஆயுதபூஜையில் வந்தது. வீட்டுக் கருவிகளுக்கெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு வந்த மனைவி மங்கையர்க்கரசி, சிமிழுக்கும் ஈரச் சந்தனமாகக் கொஞ்சம் தாராளமாகவே வைத்துவிட்டாள். உள்ளே இறங்கிய சந்தனம் காய்ந்ததும் சிமிழ் கண்ணை மூடிவிட்டது. எழில்வளவன் அவளைத் திட்டிய திட்டில் கால்நாள் மூச்சு போனது. பிறகு புதுச் சிமிழ் ஒன்று வாங்கி வைத்தார். சொற்களைச் சொல்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் மகள் நறுமுகை பூமியிலிருந்து வந்து இறங்கினாள்.

ஏழு வருடப் படிப்பு முடிந்து வருகிறாள். கூண்டுக்குள் நுழைகிறவருக்கு ஒரு வருட மூச்சை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பது துறைமுக விதி. நான்கு மணிக்குள் கட்டாவிட்டால் வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடுத்த கப்பலுக்கு இரண்டு வருடம். மகளுக்கென்று எழில்வளவன் படியேறாமல் சேர்த்த மூச்சு தாராளமாகவே இருந்தது. எல்லாம் பூட்டுக்குள் இருந்தது.

மணி மூன்றேகால். தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நறுமுகை கையசைத்தாள். இந்தப் பக்கம் எழில்வளவன், மங்கையர்க்கரசி, அவர்களுக்குப் பின்னால் கேசரி நிறைந்த தூக்குவாளியோடு வீட்டுச் சமையற்பொறி செல்லி. எழில்வளவன் தகட்டை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு சிமிழிடம் குனிந்தார்.

"கிளங்கு," என்றார்.

"இந்தச் சொல் பட்டியலில் இல்லை," என்றது சிமிழ். "இன்னும் நான்கு வாய்ப்புகள்."

அவருக்குக் கோபம் வந்தது. பட்டியல் போட்டவரிடமே பட்டியலில் இல்லை என்கிறதே! தொண்டையைச் செருமி, மேடைக்குரலில், பக்கத்து வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி, "கிளங்ங்கு!" என்றார்.

"இன்னும் மூன்று வாய்ப்புகள்."

"ஏங்க, என்கிட்ட குடுங்க," என்றாள் மங்கையர்க்கரசி. இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்திய மனிதர் தகட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு முதல் சொல் மட்டும் தெரியும்படி விரலை விலக்கினார். அவள் பாட்டன் பூட்டன் எல்லாம் சென்னைக்காரர்கள். "கியங்கு," என்றாள் தெளிவாக.

"இன்னும் இரண்டு வாய்ப்புகள்."

"உன்ன யாரு கெடுக்கச் சொன்னா?" என்று எழில்வளவன் பல்லைக் கடித்தார். மணி மூன்றரை. கண்ணாடிக்கு அப்பால் நறுமுகை கையசைப்பதை நிறுத்திவிட்டாள். இந்த முறை அவர் விடுவதாக இல்லை. நாக்கை முடிந்தவரை பின்னால் மடித்து, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, "கிழங்கு," என்றே சொல்லிவிட்டார். சிமிழ் பச்சை காட்டியது! மடித்த நாக்கை எடுக்காமலே "மழலை, உழவு" என்று ஒவ்வொன்றாகத் தாண்டி ஏழாம் சொல்லுக்கு வந்தார். அது தாழ்ப்பாள். மடித்த நாக்கு மடித்தபடியே இருந்தது.

"தாழ்ப்பாழ்," என்றார்.

"இன்னும் ஒரு வாய்ப்பு. முதல் சொல்லிலிருந்து தொடங்கவும்."

எழில்வளவனுக்கு நாக்கு சுளுக்கிக்கொண்டது. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். மணி மூன்று ஐம்பது. அதிகாரி ஒருவர் நறுமுகையிடம் வந்து அவள் பெட்டியைக் கப்பல் பக்கம் திருப்பிவைத்தார். அவள் அழுவது இந்தப் பக்கத்துக்குக் கேட்கவில்லை, பார்க்க முடிந்தது.

"செல்லிகிட்ட குடுங்க," என்றாள் மங்கையர்க்கரசி.

"எந்திரத்துகிட்டயா? அதோட தமிள நான் காதால கேக்கமாட்டேன்னு உனக்குத் தெரியாதா? உயிரே இல்லாத தமிளு!"

"கேசரிக்கு அது முந்திரி வறுக்கயில பேசுறத நான் கேட்டிருக்கேன். ஒயுங்கா குடுங்க. எம் பொண்ணு போறா!"

மானம் போவதா, மகள் போவதா என்று அவர் கொஞ்சநேரம் உள்ளுக்குள் அடித்துக்கொண்டார். அப்புறம் தகட்டை நீட்டி, "மெதுவாச் சொல்லு. சுத்தி ஆளுங்க நிக்கிறாங்க. கேட்டா திருடிருவாங்க," என்றார்.

"கவலை வேண்டாம் ஐயா," என்றது செல்லி, தூக்குவாளியைக் கீழே வைத்தபடி. "கேட்கலாம். திரும்பச் சொல்ல இந்தத் துறைமுகத்தில் ஆள் இல்லை."

கிழங்கு, மழலை, உழவு, பவழம், குழல், வாழை, தாழ்ப்பாள்... செல்லி காய்கறிக் கணக்கு வாசிக்கும் அதே குரலில் பன்னிரண்டையும் சொல்லி முடித்தது. சிமிழ் திறந்தது. மணி மூன்று ஐம்பத்தெட்டுக்கு நறுமுகை கதவைத் தாண்டி ஓடிவந்தாள். எழில்வளவன் மகளைக் கட்டிக்கொண்டு மன்றத் தலைவர் என்பதையெல்லாம் மறந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அதற்கு ஆன மூச்சை அவர் பார்க்கவே இல்லை.

இப்படி ஒரு அடி பட்ட மனிதர் மறுநாளே நாக்குப் பயிற்சிக்குக் கிளம்பியிருப்பார் என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு நம்மவர்களைத் தெரியவில்லை என்று அர்த்தம். செய்தி பரவிய அன்று மாலையே ஊர் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு, தங்கள் தங்கள் சொற்களை மெதுவாகச் சொல்லிப் பார்த்தது. மறுவாரம் மன்றத்தின் அவசரக் கூட்டத்தில் உட்கார இடமில்லை.

எழில்வளவன் எழுந்தார். "நம் மூச்சை நம்மிடமிருந்தே பறிக்கும் எழுத்து நமக்கு எதற்கு? இது எந்திரங்களின் சதி!" என்றார். தமிழைக் காப்பாற்றும் பொருட்டு அந்த எழுத்தை உடனடியாக நீக்குவது, அதன் வேலையை இனி ளகரமே பார்த்துக்கொள்வது என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. செல்லியும் வந்திருந்தது, சுண்டல் பரிமாற. எந்திரங்களுக்கு வாக்கு கிடையாது.

தீர்மானத்தை எழுதிக்கொண்டிருந்த எழுத்தர் நன்மாறன் தலைப்பிலேயே நின்றுவிட்டான்.

"ஐயா, மன்றத்து பேர்லயே அந்த எழுத்து வருதே. அத எப்பிடி எழுதுறது?"

எழில்வளவன் அதிகம் யோசிக்கவில்லை.

"இத்தன நாளா எப்பிடிச் சொல்லிட்டிருந்தமோ, அப்பிடியே எழுது."