லாதிபோவின் குலப்பாட்டு

லாதிபோ எங்கள் ஊருக்கு வந்த அன்று சந்தை நாள். தோளில் ஒரு மண்வெட்டி, கையில் ஒரு துணிமூட்டை. அப்பாவின் தோட்டத்தில் ஆள் தேவைப்பட்டது. எங்கள் பக்கத்தில் கிழங்கு நட ஒரு நாளில் இருநூறு மண்மேடு கட்டுகிறவனைக் கெட்டிக்காரன் என்போம். அவர் மறுநாளே நானூறு கட்டினார். சட்டை நனையவில்லை.

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் அந்தத் தோள்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குடும்பம் எங்கே என்று கேட்டதற்கு, யாரும் இல்லை என்றார். அப்பாவும் கட்டிய மேடுகளை ஒருமுறை பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை. கல்யாணம் முடிந்தது. மூன்று வருடம் நல்லபடியாகத்தான் வாழ்ந்தோம். ஒரே ஒரு குறை. எங்கள் வழக்கத்தில் மனைவி காலையில் மண்டியிட்டுப் புருஷன் வீட்டுக் குலப்பாட்டைப் பாடுவாள். முன்னோர்கள் பெயரும் பெருமையும் அதில் வரும். கேட்கிற ஆணுக்கு நெஞ்சு நிமிரும். என்னிடம் மட்டும் பாட்டு இல்லை.

"சொல்லிக் குடுங்களேன்" என்று எத்தனையோ தடவை கேட்டேன்.

"வெறுமனே கூப்பிட்டா வரமாட்டேனா?" என்று சிரித்து மழுப்புவார்.

சந்தைக்கும் வரமாட்டார். மேற்கே இருந்து யாராவது வந்தால் அவருக்குத் தோட்டத்தில் அவசர வேலை வந்துவிடும். அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். வயிற்றில் பிள்ளை ஏழு மாதம். பிறந்த எட்டாம் நாள் பெயர் வைக்கும்போது அப்பன் வீட்டுக் குலப்பாட்டு ஒலிக்க வேண்டும். ஒலிக்காத பிள்ளைக்கு எங்கள் ஊரில் என்ன பெயர் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெயரைப் பல பேருக்கு நானே வைத்திருக்கிறேன்.

புழுதிக்காற்றுக் காலத்தில் ஒருநாள், பனையெண்ணெய் விற்க அபிகே என்றொருத்தி வந்தாள். அவள் குரல் தெருமுனையில் கேட்டதுமே லாதிபோ பின்பக்கமாக வெளியேறினார். நான் பார்த்துவிட்டேன். அவளை உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தேன்.

"அக்கா, எந்த ஊரு நீங்க?"

"மேற்கே, இரேதெ."

"அங்க லாதிபோன்னு ஒருத்தரைத் தெரியுமா? இடது காது நுனி கிழிஞ்சிருக்கும்."

"பனை ஏறுவானே, அவனா?"

"அவருதான். அங்க பொண்டாட்டி இருக்காளா? மறைக்காம சொல்லுங்க."

அபிகே குவளையைக் கீழே வைத்தாள். "பொண்டாட்டி இருக்கா. அவன்தான் இல்ல. மரத்துலேர்ந்து விழுந்து பதினோரு வருஷம் ஆச்சு. நம்ம வழக்கப்படி அவன் அறைத் தரையிலயே புதைச்சாங்க. அன்னிக்கு ஒப்பாரி பாடிப் பாடி எனக்குக் குரலே போச்சு. நீ எதுக்குடி கேக்குற?"

நான் வயிற்றைத் தடவினேன். அவள் பார்வையும் அங்கேதான் வந்தது. சட்டென்று எழுந்துவிட்டாள்.

ஆயுள் முடியுமுன் செத்தவர்கள் வேறு ஊருக்குப் போய் மிச்ச நாளை வாழ்வார்கள், தெரிந்தவர் கண்ணில் பட்டால் மறைந்துவிடுவார்கள் என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வோம். அபிகே அதைத்தான் நினைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. என் புருஷன் குறட்டை விடுகிறவர். பேய்க்கு எதற்குக் குறட்டை? செத்தவன் பெயரை வைத்துக்கொண்டு எவனோ களவாணி திரிகிறான் என்றுதான் தோன்றியது. அதுவும் இல்லையென்றால் இந்த எண்ணெய்க்காரியே அந்த இன்னொருத்திக்குச் சொந்தக்காரியாக இருக்க வேண்டும்.

சோதித்துப் பார்க்க வழி இருந்தது. களவாணிக்குக் குலப்பாட்டு வெறும் சத்தம். அந்த வீட்டு ரத்தமாக இருந்தால் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். கெஞ்சிக் கூத்தாடி அபிகேயிடம் நான்கு வரிகள் வாங்கினேன். நான்காவதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிப்போனது.

மறுநாள் உச்சிவேளையில் சாப்பாட்டுக் கூடையோடு தோட்டத்துக்குப் போனேன். புழுதி வானத்தை மூடியிருந்தது. சூரியன் இருந்த இடத்தில் ஒரு வெளுத்த வட்டம். பத்து மேட்டுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. காய்ந்த புல்லும் புதிதாகக் கிளறிய மண்ணும் கலந்த வாசனை. மண்வெட்டிச் சத்தத்தை வைத்துத்தான் அவரைக் கண்டுபிடித்தேன்.

கூடையை இறக்கிவிட்டு மண்டியிட்டேன்.

"மழைக்கு முன்னே மண்ணைக் குவித்தவன் மகனே!"

மண்வெட்டி நின்றது.

"கையளவு விதைத்து மலையளவு தோண்டியவன் பேரனே!"

அவர் நிமிர்ந்தார். உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணில் நீர் வழிந்தது. அப்பாடா, இவர் களவாணி இல்லை! எண்ணெய்க்காரிதான் பொய் சொல்லியிருக்கிறாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் குரல் இன்னும் உயர்ந்தது.

"வந்தவனுக்கு உணவிட்டபின் பெயர் கேட்கும் வீட்டானே!"

"அவெரோ, போதும்" என்றார் மெதுவாக. "யாருகிட்ட கத்துக்கிட்ட?"

"கத்துக்கிட்டா என்ன? பொண்டாட்டி பாடக் கூடாதா?"

"வேணாம். கடைசி வரி வேணாம். ரெண்டு மாசம் விடு. பிள்ளை முகத்தைப் பாத்துட்டுப் போயிடறேன்."

போயிடறேன்.

அந்த ஒரு சொல்லில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போகிறாராமே! அவளிடம்தானே?

"எங்கே போனாலும்" என்று நான் கத்தினேன், "வீட்டு மண்ணில் வந்து படுப்பவனே!"

அவர் என்னைத் திட்டவில்லை. மண்வெட்டியை மேட்டில் குத்தி நிறுத்தினார். உள்ளே யாரோ கூப்பிட்டதும் எழுந்து போகிறவரைப்போல, மேட்டு வரிசைக்குள் நடந்தார். புழுதி அவரை முழங்கால்வரை மறைத்தது. பிறகு இடுப்புவரை.

"நில்லுங்க!"

நிற்கவில்லை.

ஓடினேன். ஓடும்போதே மண்வெட்டிச் சத்தம் மறுபடி கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். மண்வெட்டி குத்திய இடத்திலேயே நின்றது.

சத்தம் என் காலுக்கடியில் கேட்டது.

ஒரு வெட்டு. இன்னொரு வெட்டு. மேற்குப் பக்கமாக நகர்ந்து நகர்ந்து போயிற்று. அவர் நடந்துபோன வரிசையில் மண் பஞ்சுபோல இருந்தது. அதில் ஒரு காலடிகூடப் பதிந்திருக்கவில்லை.

நாங்கள் மூன்று நாள் தேடினோம். நான்காம் நாள், யார் தடுத்தும் கேளாமல், இரேதெ ஊருக்குக் கிளம்பினேன். ஆள் இருந்தால் சட்டையைப் பிடித்து இழுத்து வருவது, இல்லையென்றால் பிள்ளைக்காவது ஒரு குலம் கேட்பது. அந்த வயிற்றோடு வேறு என்ன செய்ய முடியும்?

வீட்டை எளிதாகக் கண்டுபிடித்தேன். முற்றத்தில் இரண்டு பெண்கள் முலாம்பழ விதை உரித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் உயரமான ஒருத்தி நின்றாள், கையெல்லாம் ஈரக் களிமண். லாதிபோவின் மனைவி எபூன் அவள்தான். சண்டைக்குத் தயாராகப் போனேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் நேராக வயிற்றைப் பார்த்தாள்.

"எந்த ஊரு தங்கச்சி?"

சொன்னேன்.

"பாடினது நாலு நாளைக்கு முன்னாடி உச்சிவேளையில. சரியா?"

தலையாட்டினேன்.

"கால் கழுவிட்டு உள்ள வா. நீ மூணாவது."

ஏழு வயதுப் பெண் ஒன்றும் நாலு வயதுப் பையன் ஒன்றும் ஓடிவந்து என்னைப் பார்த்தன. இரண்டும் அவர் முகம். பதினோரு வருடமாகச் செத்துக் கிடக்கும் மனிதரின் முகம். விதை உரித்த பெண்கள் தலை நிமிரவில்லை. பிள்ளைகள் யாருடையவை என்று நான் கேட்கவும் இல்லை.

எபூன் அறையைக் காட்டினாள். மெழுகிய தரையின் நடுவில் ஆள் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. பாதி பூசியாகிவிட்டது.

"திரும்பி வந்தா வெடிக்கும். கிளம்பினாலும் வெடிக்கும்" என்றாள். "உசுரோட இருந்தப்பவும் இந்த மனுஷன் வீடு தங்கினதில்ல. நான் பூசிப் பூசிச் சலிச்சுட்டேன்."

"அக்கா, இவரைப் பிடிச்சு வைக்க வழியே இல்லையா?"

"நீ பாடாம இருந்திருந்தா இருந்திருப்பாரு."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

என் மகன் அந்த வீட்டில்தான் பிறந்தான். எட்டாம் நாள் குடும்பத்துப் பெரியவர்கள் கூடி, குலப்பாட்டு முழுவதையும் பாடி, அவனுக்குப் பெயர் வைத்தார்கள். குறையொன்றும் இல்லை. என் பிள்ளைக்கு அப்பன் வீடு கிடைத்தது. பெயர் வைத்து நாற்பது நாள் ஆவதற்குள் தரை மறுபடி வெடித்தது. எபூன் பூசினாள். நான் மண் குழைத்துக் கொடுத்தேன்.

மூன்று வருடம் கழித்து, ஒரு காலை நேரத்தில், தலையில் புதுக் கிழங்குக் கூடையோடு ஒரு பெண் முற்றத்தில் வந்து மண்டியிட்டாள். என்னைவிடச் சின்னவள். வயிறு தெரிந்தது.

"இது லாதிபோ வீடுதானே? என் வீட்டுக்காரரு. இந்த ஊர்ப் பேரைத் தூக்கத்துல சொல்லுவாரு. குலப்பாட்டு கத்துக்கலாம்னு அவருக்குத் தெரியாம வந்தேன்."

"அவரு எப்படி இருக்காரு?" என்று கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்.

"அவருக்கென்ன! ஒத்தை ஆளு, நாளைக்கு நானூறு மேடு கட்டுறாரு."

எபூன் என்னைப் பார்த்தாள். பாட்டு இல்லையென்றால் அந்தப் பிள்ளைக்குக் குலம் இல்லை. பாட்டு இருந்தால் அப்பன் இல்லை. எனக்கு யாரும் தராத வாய்ப்பை அவளுக்கு நான் தர நினைத்தேன்.

"வழி மாறி வந்துட்டே தங்கச்சி. அந்த வீடு இது இல்ல. வெயில் ஏறுறதுக்குள்ள திரும்பிப் போ. போய் அவரோட சந்தோஷமா இரு."

அவள் எழுந்திருக்கவில்லை. என் மகன் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை. அவள் கண்கள் சுருங்கின. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும்.

"ஏன் விரட்டுறீங்க? இங்க அவருக்கு வேற பொண்டாட்டி இருக்காளா?"

நான் பதில் தேடுவதற்குள், மணலில் விளையாடிக்கொண்டிருந்த என் மகன் தினமும் காலையில் கேட்கும் பாட்டைத் தானாகப் பாட ஆரம்பித்தான். ஓடிப்போய் வாயைப் பொத்தினேன். அதற்குள் நான்கு வரியும் முடிந்துவிட்டது.

அந்தப் பெண்ணின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன.

எபூன் களிமண் எடுக்க எழுந்து போனாள்.