வெதுவெதுப்பான கூழ்

அன்று காலை கூழ் வெதுவெதுப்பாக இருந்தது.

எப்போதும் சில்லென்றுதான் வரும். பொற்கொடி கரண்டியை வாயில் வைத்தவள், விழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். ஊறிய பாசியின் வாடை பழகிப்போனதுதான். அதற்கடியில் இன்று இன்னொரு வாடை; தூங்கி எழுந்து பல் விளக்காத யாரோ முகத்தருகே வந்து மூச்சு விடுவது போல. ஒருவழியாக விழுங்கினாள். இதை விட்டால் வேறு சாப்பாடு கிடையாது.

போச்சம்பள்ளி தொழிற்பேட்டையின் கோடியில், ஒரு தகரக் கொட்டகைக்குள், ஜன்னலே இல்லாத இரும்பு அறை அது. கம்பெனி பஸ்களின் ஹாரன்கூட உள்ளே கேட்காது. 2006 மழைக்காலத்தில் அவளும் உஸ்மானும் அதற்குள் அடைபட்டார்கள். மனிதன் இன்னொரு நட்சத்திரத்துக்குப் போக முடியுமா என்கிற சோதனை. இன்றைய வேகத்தில் மிக அருகிலுள்ளதை எட்டவே எழுபதாயிரம் வருஷம் ஆகும். தலைமுறை தலைமுறையாகக் கப்பலிலேயே வாழவேண்டும், எதையும் வெளியே எறியக் கூடாது. அதனால் இருவரின் மலம், மூத்திரம், வேர்வை, வெட்டிய முடி எல்லாம் பின்னறைத் தொட்டிக்குப் போய்ப் பாசிக்கு உரமாகி, பச்சைக் கூழாகத் திரும்பி வந்தது. தொட்டி உஸ்மானின் பொறுப்பு. திரையில் மூன்று நட்சத்திரங்களைக் குறிபார்த்துக் கப்பலின் திசையைத் திருத்துவது அவளுடைய வேலை.

அவள் மைக்கை எடுத்தாள். "ஆஞ்சப்பன் சார், கூழு சூடா வருதுங்க. ஒரு மாதிரி நாறுது. சாப்புடலாங்களா?"

வெளியே இருந்த இன்ஜினியர் உடனே பதில் சொல்ல மாட்டார். தொலைதூரக் கப்பல் என்று பாவனை; பேச்சைக் கருவி மணிக்கணக்கில் தாமதித்துத்தான் அனுப்பும். காலையில் கேட்டதற்குச் சாயங்காலம்தான் பதில் வரும்.

"எனக்கு ருசியாத்தான்மா இருக்குது," என்றார் உஸ்மான். கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டு, மோவாயில் பச்சை ஒழுகப் பின்னறைக்குப் போனார். திரும்பி வரவில்லை.

மத்தியானக் கூழில் ஆடை படிந்திருந்தது. பாலாடை மாதிரி இல்லை. கரண்டியால் இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கிக்கொண்டது. ஆனாலும் பசி. கண்ணை மூடி விழுங்கினாள். அது தொண்டையில் ஒரு கணம் நின்று, பிறகு தானாகவே இறங்கியது.

சாயங்காலம் பின்னறையிலிருந்து சத்தம் வந்தது. மோட்டார் சத்தம் இல்லை. ஏதோ ஈரமாகச் சப்புகிற சத்தம்.

"உஸ்மான்ண்ணா?"

"வர்றேம்மா." வாய் நிறைய எதையோ அடக்கிக்கொண்டவர் போலக் குரல் குழைந்தது. "நீயும் வா. நல்லாருக்குது."

அவள் மைக்கை எட்டிப் பிடித்தாள். "சார், கதவத் தொறங்க. இப்பவே தொறங்க."

அந்தப் பேச்சு வெளியே போய்ச் சேர இன்னும் நேரமிருந்தது. ஸ்பீக்கர் கரகரத்தது. காலைக் கேள்விக்குப் பதில்.

"பொற்கொடி, தொட்டி நேத்தே நின்னுபோச்சும்மா. பாசி பூரா செத்துப்போச்சு. குழாயில எது வந்தாலும் வாயில வெக்காதீங்க."

வயிற்றுக்குள் ஏதோ புரண்டு படுத்தது.

சப்புகிற சத்தம் நிற்கவில்லை. பின்னறைக் கதவைத் தள்ளினாள். வெக்கை. அதே வாய் நாற்றம்.

தொட்டியில் பச்சை இல்லை. விளிம்போடு விளிம்பாகத் தோல். மனிதத் தோல். வேர்த்திருந்தது. ஏறி இறங்கியது.

உஸ்மான் குனிந்து அதில் முகம் புதைத்திருந்தார்.

தோளைப் பற்றி இழுத்தாள். முகம் பிளாஸ்திரி உரிவது போல மெல்லப் பிரிந்து வந்தது.

உதடுகள் வரவில்லை.

அவை அந்தத் தோலிலேயே ஒட்டிக் கிடந்து, நிதானமாக மென்றுகொண்டிருந்தன.